ஆறு சக்கரம், நாலு வருஷம்: கோத்தகிரியில் கண்ணாடி தேய்த்த அனுபவம்

கல்லை நகையில் பதிக்கிற காபோஷானாகத் தேய்க்கிற இந்த ஆறு சக்கர மெஷினை வாங்கலாமா என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் மும்மூன்று சக்கரம், எல்லாம் 6 அங்குலம். 80, 220 இரண்டும் உலோகத்தின் மேல் வைரத்தூள் படிந்த கெட்டிச் சக்கரங்கள். 280, 600, 1200, 3000 நான்கும் ரப்பர் மெத்தை மேல் ரெசின் பட்டை போட்டவை. எண் ஏற ஏறத் தூள் பொடிசாகும். கல் தேய்க்கிறவர்களுக்காகவே செய்தது. நான் வாங்கியதோ கண்ணாடிக்கு. இந்த நாலு வருஷத் தகராறு முழுக்க அதில்தான்.

காபோஷான் என்ற பெயர் புதுசாகத் தெரிந்தாலும் பொருள் நமக்குப் பழசு. வடசேரி கோயில் நகைகளில் பதிக்கிற கெம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடி தட்டை, முதுகு வழவழப்பான மேடு. திருச்சிப் பக்கம் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுவார்களே, அந்த வேலையே இதில் கிடையாது. பட்டை இல்லாததால் சுலபம் என்று நானும் நம்பித்தான் இறங்கினேன். பட்டை இருந்தால் ஒரு கீறல் ஒரு முகத்தோடு போகும். மொட்டை முதுகில் அது பளிச்சென்று தெரியும்.

முதல் மாதம் 80இல் ஆரம்பித்து நிறையப் பாழாக்கினேன். அகேட் என்கிற கல்லின் கடினம் மோஸ் அளவில் 7ஐ ஒட்டி வரும், கண்ணாடி 5.5 வாக்கில்தான். 80 அதைத் தேய்ப்பதில்லை, பெயர்க்கிறது. மேலே உருண்டையாக வந்த மாதிரி இருக்கும், உள்ளே மயிரிழை விரிசல் இறங்கியிருக்கும். 600 வரை போனபிறகு வெள்ளைப் புள்ளிகளாக எட்டிப் பார்க்கும். பழையபடி 220க்கு ஓட வேண்டியதுதான். கடைசியில் 80ஐக் கழற்றிவிட்டு மற்றவற்றை வரிசையாகத் தள்ளி, வலக்கோடியில் ஒரு ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) சக்கரம் மாட்டினேன். அதில் சீரியம் ஆக்ஸைடு. கார் கண்ணாடிக் கீறலுக்குப் போடுகிற அதே தூள்தான், தண்ணீரில் மோர் பதத்துக்குக் கரைத்துத் தடவ வேண்டும். 3000 சக்கரம் அகேட்டுக்குக் கொடுக்கிற பளபளப்பைக் கண்ணாடிக்குக் கொடுக்காது. ஒரு மங்கல் நிற்கும். அதைப் போக்குவது சீரியம்தான். இது மெஷினோடு வராது.

அடுத்த குறை, மெஷினில் தட்டையான பரப்பே இல்லை. இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் குன்னூரில் வெள்ளி வேலை செய்கிற ஆசாரி. முதல் தடவை பன்னிரண்டு உருப்படி கொண்டுபோனேன். ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்துச் சுண்டிவிட்டார். அது பாட்டுக்குச் சுற்றியது.

“பம்பரமா விடப்போறீங்களாக்கா?”

“கொஞ்சம்தானேண்ணா ஆடுது?”

“அடி ஆடினா வெள்ளிக் கூட்டுல உக்காராது. அமுக்கினா உடையும். அப்புறம் பழி என் மேல.”

பன்னிரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தேன். இப்போது ஒரு தடித்த கண்ணாடிப் பலகையில் சிலிக்கான் கார்பைடு தூளும் தண்ணீரும் விட்டு, லைசென்ஸுக்கு எட்டு போடுகிற மாதிரி அடியைத் தேய்க்கிறேன். 220 தூள், பிறகு 400. அடி விளிம்பைச் சுற்றி ஒரு நூல் அளவுக்குச் சாய்வும் கொடுத்துவிடுவேன். கூர்விளிம்பு வெள்ளியில் மாட்டிச் சில்லுப் பெயர்வது அதோடு நின்றது.

தேய்க்கும்போது பிடித்துக்கொள்ள, துண்டைக் குச்சியில் ஒட்டுவதற்கு எல்லாரும் அரக்கைத்தான் சொல்வார்கள். மார்கழிக் குளிரில் கண்ணாடியில் அரக்கு ஒட்டாது, ஒட்ட வேண்டுமென்று தீயில் காட்டினால் கண்ணாடி தெறிக்கும். நான் ஆணித் தலையில் ஃபெவிக்விக் வைத்து ஒட்டுகிறேன். கழற்ற, அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரில் ஊறப்போட்டால் போதும்.

இனி தண்ணீர். கூடவே வந்தது மீன்தொட்டிப் பம்பு மாதிரி ஒன்று. அதே தண்ணீரை உறிஞ்சித் திரும்பத் திரும்ப ஊற்றும். 220இல் உதிர்ந்த தூள் அப்படியே 1200க்குப் போய்ச் சேரும். எங்கிருந்து கீறல் வருகிறது என்று தெரியாமல் பல வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போது பரணில் ஒரு வாளி, அதிலிருந்து சலைன் டியூப், சொட்டைக் கூட்டிக் குறைக்க அதிலேயே இருக்கிற சின்ன உருளை. ஓடிய தண்ணீர் இன்னொரு வாளியில் தெளியும். அடியில் தங்குகிற சேற்றைத் தொட்டி ஓட்டையில் ஊற்றிவிடாதீர்கள், சிமென்ட் மாதிரி அடைத்துக்கொள்ளும். உலர்ந்த தேய்ப்பு வேண்டவே வேண்டாம். தண்ணீர் இருந்தாலும் மாஸ்க் போடுங்கள், கண்ணுக்கும் கண்ணாடி.

குளிர் ஒரு பாடம் கற்றுத் தந்தது. இரண்டாம் வருஷம் தை மாதக் காலை. நீல டைக்ரோயிக் துண்டு, மேலே தெளிந்த கண்ணாடி மூடியது. (டைக்ரோயிக் என்றால் பார்க்கிற கோணத்துக்கு நிறம் மாறுகிற கண்ணாடி. நிறம் ஒரு மெல்லிய பூச்சுதான், மூடி இல்லாமல் தேய்த்தால் நிறமே போய்விடும்.) மூன்று மணி நேர வேலை. ஃபெல்ட்டில் கொஞ்சம் அழுத்திவிட்டேன். விரல் மரத்திருந்ததால் சூடு ஏறியது தெரியவில்லை. பளபளப்பு பார்க்கலாமென்று குழாய்த் தண்ணீரில் காட்டினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், பல்லி கத்துகிற அளவுக்குக்கூட இல்லை. குறுக்கே ஒரு கோடு ஓடியிருந்தது. அன்றிலிருந்து வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர். ஃபெல்ட்டில் பத்து எண்ணுவேன், எடுத்து உதட்டில் வைத்துப் பார்ப்பேன். உதடு விரலை விட நம்பகமானது.

ஆனால் எல்லா விரிசலுக்கும் குளிர் காரணமில்லை. சூளையில் மெதுவாக ஆறாத கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடும், சக்கரத்தில் வைத்ததும் பிளக்கும். கழிவாக மலிவு விலைக்கு வருகிற கலைக்கண்ணாடிக் கட்டிகளில் இது சகஜம். லேப்டாப்பில் வெள்ளைத் திரை வைத்து, அதன் முன்னால் துண்டைப் பிடித்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸைத் திரை இருளும்வரை திருப்பிப் பாருங்கள். இருட்டுக்குள் துண்டு மட்டும் ஆங்காங்கே வெளிச்சமாகத் தெரிந்தால் தொடாதீர்கள். கோல்ட்ஸ்டோன் எனக்கு இந்த விஷயத்தில் தொல்லை கொடுத்ததே இல்லை. செம்புத் துகள் மின்னுகிற அந்தப் பழுப்புக் கண்ணாடியைச் சன்ஸ்டோன் என்கிற இயற்கைக் கல் என்று விற்கிறார்கள். நான் கண்ணாடி என்று சொல்லியே கொடுக்கிறேன், விலை கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது.

ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு எப்போது மாறுவது? ஈரத்தில் பார்த்தால் எல்லாமே பளபளக்கும். துடைத்து உலர்த்தி, மார்க்கர் பேனாவால் முதுகு முழுக்கக் கிறுக்கிவிட்டுத் தேய்க்கிறேன். மை ஒரு பொட்டுகூட மிச்சமில்லையென்றால்தான் அடுத்தது. 280இலும் 600இலும் அவசரப்பட்டதைச் சீரியம் மூடி மறைக்காது, விளக்குப் போட்டுக் காட்டும்.

மோட்டார் பற்றிப் பெரிதாகக் குறை இல்லை. நிமிஷத்துக்கு 1440 சுற்று, கண்ணாடிக்கு அது தாராளம். ஆடி மாதத்தில் மரம் சாய்ந்து கரண்ட் போவதும், வந்தாலும் வோல்டேஜ் இல்லாமல் மோட்டார் உறுமிச் சூடாவதும் இங்கே உள்ள கதை. ஸ்டெபிலைசர் வாங்கிய பிறகு சரி. பேரிங் ஒரு முறை மாற்றினேன். 3000 ரெசின் பட்டை, கூர்முனை மாட்டிக் கிழிந்தது, அது என் தப்பு. 220 மூன்றாம் வருஷம் வழுக்கையானது.

புது 220 போன வாரம்தான் வந்தது. புதுச் சக்கரம் வெறிநாய் மாதிரி கடிக்கும், நல்ல துண்டை உடனே கொடுக்கக் கூடாது. பழக்குவதற்குப் பீர் பாட்டில் கண்ணாடி போதும். முன்பெல்லாம் ரோட்டோரத்தில் வேண்டிய மட்டும் கிடக்கும். 2022இல் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று நீலகிரியில் ஆரம்பித்தபின் பார்ப்பதே அரிது. யானைக் காலுக்கு நல்லதுதான். நான் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கொடுத்து நாலு வாங்கி வைத்திருக்கிறேன்.