விடுதி அறைக்கு ஒரு கெட்டில்: ஒன்றரை லிட்டர், 1500 வாட்

கல்லூரிச் சேர்க்கை முடிந்து விடுதிக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு வீட்டில் எழுதப்படும் பட்டியலில் வாளி, குவளை, பூட்டு, கொசுவலை ஆகியவற்றுடன் எலக்ட்ரிக் கெட்டிலும் இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. பிரெஸ்டீஜ், பட்டர்ஃப்ளை, பிஜியன், ஹாவெல்ஸ் என்று பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. அதிகம் விற்பது ஒன்றரை லிட்டர் கொள்ளளவும் 1500 வாட் திறனும் கொண்ட வகைதான்: எஃகு உடல், பிளாஸ்டிக் கைப்பிடி, தூக்கினால் தனியே பிரியும் அடித்தட்டு, கொதித்ததும் தானே அணையும் சுவிட்ச். விலை ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். இளங்கலை, முதுகலை இரண்டையும் விடுதியில் தங்கிப் படித்தவள் என்ற முறையில் இந்த வகைக் கெட்டிலின் நிறைகுறைகளை எழுதுகிறேன். எந்த நிறுவனத்துடையதை வாங்கினாலும் உள்ளமைப்பு பெரும்பாலும் ஒன்றே என்பதால், நான் வைத்திருப்பதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதலில் அதன் வேலைத்திறன். முப்பது டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.08 யூனிட் மின்சாரம் தேவை. உடல் வழியாக வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் சுமார் 0.09 யூனிட். அதாவது ஒரு யூனிட் மின்சாரத்தில் பத்து லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் கொதிக்க வைக்கலாம். நேரம் நான்கு நிமிடத்தை ஒட்டியே ஆகிறது. சூடேற்றும் தகடு தண்ணீருக்கு நேர் அடியிலேயே இருப்பதால் வெப்பம் அதிகம் சிதறுவதில்லை. இந்த ஒரு வேலையை இவ்வளவு விரைவாகவும் சிக்கனமாகவும் செய்யக்கூடிய வேறொரு பொருளை விடுதி அறையில் வைத்துக்கொள்ள முடியாது.

விடுதி வாழ்க்கையில் வெந்நீரின் அருமை இரவு பத்து மணிக்கு மேல்தான் தெரியும். மெஸ்ஸில் இரவு உணவு எட்டரைக்குள் முடிந்துவிடுகிறது. படிப்பு நள்ளிரவைத் தாண்டியும் நீள்கிறது. இடையில் வரும் பசிக்கு பிஸ்கட்டும் சிப்ஸும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்பவர்களே அதிகம். கெட்டில் இருந்தால் அந்தப் பசிக்கு அவல் போதும். கெட்டி அவலை ஒரு தூக்குவாளியிலோ மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவிலோ போட்டு, மேலே மட்டாக நிற்கும்படி கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் உதிரி உதிரியாக ஊறிவிடும். மிஞ்சிய நீரை வடித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலையோ பருப்புப் பொடியையும் நல்லெண்ணெயையுமோ சேர்த்துப் பிசைந்தால் இரவுச் சாப்பாட்டுக்குச் சமம். மெல்லிய அவலாக இருந்தால் வெந்நீரைத் தெளித்தாலே போதும், ஊற்றினால் கூழாகிவிடும். உலர்த்திப் பொட்டலமாக விற்கும் இடியாப்பமும் இதே முறையில் தயாராகும். சத்துமாவுக் கஞ்சிக்கு மட்டும் இந்த வழி உதவாது. மாவைக் கோப்பையில் போட்டுக் கொதிநீர் ஊற்றினால் கட்டி தட்டுவதோடு பச்சை வாடையும் போகாது. அதற்கு அடுப்பில் கிளறிக் காய்ச்சியே ஆக வேண்டும். சுக்குப் பொடியும் கருப்பட்டியும் கொண்டுபோனால் பால் இல்லாமலே நல்ல சுக்குக் காபி கிடைக்கும். மழைக்காலத்தில் எங்கள் அறையில் அதிகம் செலவானது அந்தப் பொடிதான்.

உடல்நலம் குன்றும் நாட்களில் இதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி மெஸ்ஸில் வெந்நீர் கேட்டு நிற்க முடியாது. மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கவும், தொண்டை வலிக்கு உப்பு நீரில் கொப்பளிக்கவும் அறையிலேயே வசதி இருப்பது பெரிய ஆறுதல். மாதவிடாய் வலிக்கு ரப்பர் வெந்நீர்ப் பையை நம்பியிருக்கும் பெண்களுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கொதித்த நீரை அப்படியே பையில் ஊற்றாமல் சில நிமிடம் ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றிய பிறகு மூடியைத் திருகி, துண்டில் சுற்றிப் பயன்படுத்த வேண்டும். குளிர்காலக் காலைகளில் குளிக்கவும் இது கைகொடுக்கும்: இரண்டு முறை கொதிக்க வைத்த மூன்று லிட்டரை, இருபத்தைந்து டிகிரியில் இருக்கும் பன்னிரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்தால் வாளி நீர் நாற்பது டிகிரிக்கு வந்துவிடும். வாளிக்குள் தொங்கவிடும் ஹீட்டர் கம்பியால் நேரும் மின்தாக்கு அபாயத்தை நினைத்தால், இந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடக் காத்திருப்பு எவ்வளவோ மேல்.

குடிநீர் பற்றியும் சொல்ல வேண்டும். மாடித் தொட்டியைக் கழுவி எத்தனை நாளாயிற்று என்பது தெரியாத விடுதிகளில், தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு குடிப்பது டைஃபாய்டு, மஞ்சள் காமாலை போன்ற நோய்களுக்கு எதிரான நல்ல காப்பு. ஆனால் கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லுமே தவிர, நீரில் கரைந்துள்ள உப்பை அகற்றாது.

இனி, கெட்டில் கெட்டுப்போகும் விதம். விடுதிகளில் பழுதாகிக் கிடக்கும் கெட்டில்களில் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை நூடுல்ஸோ பாலோ காய்ச்சப்பட்டவை. தண்ணீர் கொதித்ததும் சுவிட்ச் எப்படி அணைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். மூடிக்கு அருகே, கைப்பிடியை ஒட்டி, ஒரு சிறிய துளை இருக்கும். கொதிக்கும்போது எழும் ஆவி அந்தத் துளை வழியே சென்று, விரியும் அளவில் வேறுபட்ட இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு சிறு வில்லையைச் சூடாக்குகிறது. சூடேறியதும் அந்த வில்லை டக்கென்று மறுபுறம் வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடுகிறது. மூடி திறந்திருந்தால் ஆவி மேலே போய்விடும், துளைக்குள் போதிய அளவு புகாது, சுவிட்சும் அணையாது. நூடுல்ஸ் போடுபவர்கள் கிளறுவதற்காக மூடியைத் திறந்தே வைக்கிறார்கள். மாவுச்சத்து அடியில் படிந்து கருகும். தகட்டின் வெப்பம் நீருக்குப் போகாமல் அங்கேயே தேங்கும். தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க அடியில் இன்னொரு வில்லை உண்டு என்றாலும், நாள்தோறும் அதை நம்பிச் சமைப்பது கெட்டிலின் ஆயுளைப் பாதியாக்கிவிடும். பால் இன்னும் மோசம். அது பொங்கும் வேகத்துக்குச் சுவிட்ச் அணையும் வேகம் ஈடுகொடுக்காது. வழிந்த பால் உடலின் ஓரமாக இறங்கி அடித்தட்டின் மின்முனைகளில் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பிறகு கெட்டிலை எத்தனை முறை தூக்கித் தூக்கி வைத்தாலும் விளக்கு எரிந்து எரிந்து அணையும். தேநீர் வேண்டுமானால் கொதித்த நீரைக் கோப்பையில் ஊற்றி, பால் பவுடரை அங்கே கலந்துகொள்ளலாம். கெட்டிலுக்குள் தண்ணீரைத் தவிர வேறெதுவும் போகக் கூடாது என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தால், முதலாண்டில் வாங்கியது பட்டமளிப்பு விழா வரை உழைக்கும்.

தண்ணீரே செய்யும் கெடுதலும் ஒன்று உண்டு. இளங்கலை படித்தபோது சிறுவாணித் தண்ணீர் வந்த கோயம்புத்தூர் விடுதியில் இருந்தேன். கெட்டிலின் உட்புறம் நெடுநாள் வரை புதிது போலவே பளபளத்தது. முதுகலைக்குச் சென்னைப் புறநகரில் ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் விடுதிக்கு வந்த சில வாரங்களிலேயே அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டத் தொடங்கிவிட்டது. உப்பு நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள் கொதிக்கும்போது சிதைந்து, சுண்ணாம்பாகத் தகட்டின் மேல் படிவதே இதற்குக் காரணம். உடலுக்குப் பெரிய தீங்கு இல்லை என்றாலும், பொருக்கு தடிக்கத் தடிக்கத் தண்ணீர் கொதிக்க அதிக நேரம் பிடிக்கும். காபியின் மேல் வெண்துகள்கள் மிதக்கும். கம்பிச் சுருளைப் போட்டுத் தேய்த்தால் எஃகில் கீறல்தான் விழும். பாதியளவு தண்ணீரில் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஒரு கொதி விட்டு, அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்து கொட்டினால் பொருக்கு தானாகவே கழன்று வந்துவிடும். பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றிவிட வேண்டும். உப்பு நீர் வரும் ஊர்களில் மாதம் ஒருமுறையாவது இதைச் செய்வது நல்லது.

வடிவமைப்பில் எனக்குள்ள குறைகளைச் சொல்கிறேன். குறைந்தபட்ச அளவுக்கோடு பெரும்பாலும் அரை லிட்டரில் இருப்பதால், ஒரே ஒரு கோப்பை காபிக்கும் மூன்று கோப்பைத் தண்ணீரைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கோடும் உட்புறச் சுவரில் பொறிக்கப்பட்டிருப்பதால், உள்ளே எட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒற்றைச் சுவர் எஃகு உடல் தொட முடியாத அளவுக்குச் சுடும். மேசையில் இடமில்லாமல் கட்டிலருகே தரையில் வைப்பவர்கள் நிறைய என்பதால் இது சிறு குறையன்று. வெளியே பிளாஸ்டிக் உறை போர்த்திய இரட்டைச் சுவர்க் கெட்டில்கள் சற்று விலை கூடுதலானாலும் மூன்று பேர் புழங்கும் அறைக்கு அவையே ஏற்றவை. மின்கம்பி குட்டையாக இருப்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. நீளமாக இருந்தால் மேசையிலிருந்து தொங்கி, யாரேனும் கால் தட்டி, கொதிநீர் மேலே கவிழும். புதிதாக வாங்கியபோது வரும் பிளாஸ்டிக் வாடை, முதல் இரண்டு மூன்று கொதி நீரைக் குடிக்காமல் கொட்டிவிட்டால் நீங்கிவிடும்.

விடுதியைப் பொறுத்தவரை மிக முக்கியமான கேள்வி மின் இணைப்பு. 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். படிப்பு மேசைக்கு மேலே இருக்கும் சிறிய சாக்கெட்டோ 6 ஆம்பியருக்கானது. நாள்தோறும் அளவுக்கு மீறி இழுத்தால் சாக்கெட்டின் உட்புறம் இளகி, துளைகளைச் சுற்றிப் பழுப்பேறும். அந்தப் பழுப்பைக் கண்டால் உடனே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும். செல்பேசிச் சார்ஜரும் மடிக்கணினியும் ஏற்கெனவே தொங்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இதையும் சொருகுவது தீயை அழைப்பதற்குச் சமம். அறையில் 16 ஆம்பியர் பெரிய சாக்கெட் இருந்தால் மட்டுமே ஒன்றரை லிட்டர் கெட்டிலை வாங்குங்கள். இல்லையென்றால் அரை லிட்டர், 600 வாட் வகையே பொருத்தமானது. அது இழுப்பது இரண்டரை ஆம்பியருக்குச் சற்று மேல்தான். அரை லிட்டர் கொதிக்க ஐந்து நிமிடம் ஆகும். தனியாகக் காபி போட்டுக்கொள்பவருக்கு அதுவே தாராளம். எதை வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், நிலஇணைப்புடன் கூடிய மூன்று முனை பிளக்கும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியம்.

பல விடுதிகள் கெட்டிலைத் தடை செய்திருக்கின்றன. சோதனையில் அகப்பட்டால் பறிமுதலும் அபராதமும் உண்டு. வாங்குவதற்கு முன் விடுதி விதிகளைப் படித்துவிடுங்கள். தடைக்கான காரணத்தை நான் மறுக்கவில்லை. நான்கைந்து அறைகளுக்குச் சேர்த்து ஒரே 16 ஆம்பியர் டிரிப்பர் (இழுப்பு அளவு மீறினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்தியிருக்கும் பழைய கட்டடத்தில், மூன்று கெட்டில்கள் ஒரே நேரத்தில் இயங்கினாலே இழுப்பு பத்தொன்பது ஆம்பியரைத் தாண்டும். தேர்வுக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு எங்கள் வரிசையின் அறைகள் மொத்தமாக இருளில் மூழ்குவது வாடிக்கை. காவலரைத் தேடிப் போய், பூட்டியிருக்கும் மின்பலகையைத் திறக்கச் சொல்லி, விளக்கு மீண்டும் எரிவதற்குள் அரை மணி நேரப் படிப்பு போய்விடும்.

ஆனால் தடை போடுவதோடு நிர்வாகத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. தடை இருக்கும் விடுதிகளிலும் கெட்டில்கள் துணிகளுக்கு அடியில் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டுதான் இருக்கின்றன. சூடு ஆறாமலே அவசரமாக ஒளித்து வைக்கப்படும் கெட்டில், மேசை மேல் வெளிப்படையாக இருக்கும் கெட்டிலைவிட ஆபத்தானது. காய்ச்சலில் கிடக்கும் மாணவிக்கு நள்ளிரவில் ஒரு கோப்பை வெந்நீர் கிடைக்க வழி இல்லாதபோது அவள் விதியை மீறத்தான் செய்வாள். ஒவ்வொரு மாடியிலும் கழுவுதொட்டியுடன் கூடிய ஒரு சிறு அறை, அங்கே நிலஇணைப்புள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டுகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி டிரிப்பர், விடுதியே வாங்கி வைத்த இரட்டைச் சுவர்க் கெட்டில்கள் இரண்டு: செலவு இவ்வளவுதான். விடுதிக் குழுக் கூட்டங்களில் மாணவப் பிரதிநிதிகளாக இருப்பவர்கள் இந்தக் கோரிக்கையை எழுத்து வடிவில் கொடுங்கள். மின்பலகையின் கொள்ளளவையும் மாடிக்கு எத்தனை அறைகள் என்ற கணக்கையும் சேர்த்துக் கொடுத்தால், பராமரிப்புப் பிரிவுப் பொறியாளர் அதை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.