விலை குறைந்துவிட்டதாம்!

டிக்கெட் வாங்கி இரண்டு நாள்கூட முழுதாக ஆகவில்லை. காலையில் போனை எடுத்தால் ஓர் அறிவிப்பு: ‘நல்ல செய்தி! நீங்கள் கவனித்துவரும் பயணத்தின் கட்டணம் குறைந்துள்ளது.’ பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு பச்சை அம்புக்குறி வேறு. அதே விமானம், அதே தேதி, அதே நேரம். நான் கொடுத்ததைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அதுவும் நான்கு பேருக்கு.

ரத்து செய்துவிட்டுத் திரும்ப வாங்கலாமா என்று கணக்குப் போட்டேன். ரத்துக் கட்டணம் மிச்சத்தை விழுங்கிவிட்டு மேலும் கொஞ்சம் கேட்டது. அமெரிக்காவுக்குப் போய்வரும் விமானங்களுக்கு ஒரு நல்ல விதி உண்டு. பயணத்துக்கு ஏழு நாளாவது இருக்கும்போது விமான நிறுவனத்திடமே நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். அல்லது காசு கட்டாமலே அந்த விலையை 24 மணி நேரம் பிடித்துவைக்க விடுவார்கள். இரண்டில் ஒன்றையாவது நிறுவனம் கொடுத்தாக வேண்டும். நான் போவது அந்தப் பக்கம் இல்லை. போயிருந்தாலும் கெடு தாண்டிவிட்டது. அறிவிப்பு வந்த நேரம் அப்படி.

அன்று மதியம் பார்த்துத்தான் அலுவலக நண்பர் கேட்டார்: “எப்பவும் டைரக்ட் ஃப்ளைட்லயே போறீங்களே, எப்படிங்க கட்டுப்படியாகுது?” அவருக்குச் சொன்ன பதில்தான் இது. கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஏழு வருடமாக ஒரே தடத்தில், வருடத்துக்கு மூன்று நான்கு முறை போய்வருகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி. நடுவில் ஓர் ஊரில் இறங்கி, பாதுகாப்புச் சோதனைக்கு மறுபடி நின்று, முனையம் மாறி ஓடுவதெல்லாம் அவரால் ஆகாது. அதனால் எனக்கு டைரக்ட் என்பது ஆடம்பரம் இல்லை. இந்த ஏழு வருடத்தில் விலையை ஒப்பிட்டுக் காட்டும் கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், கயாக், விலை மாறினால் அலர்ட் அனுப்பும் சில செயலிகள், நிறுவனத்துக்கும் நமக்கும் நடுவில் நின்று டிக்கெட் விற்கும் இடைத்தரகுத் தளங்கள் என்று எல்லாவற்றிலும் கை வைத்தாகிவிட்டது.

முதலில் அந்த ‘டைரக்ட்’ என்ற வார்த்தை. நாம் சொல்லும் டைரக்ட்டும் விமானத் துறை சொல்லும் டைரக்ட்டும் ஒன்றல்ல. அவர்களுக்கு ஒரே விமான எண்ணில் போனால் அது டைரக்ட்; வழியில் இறங்கி ஏறினாலும் டைரக்ட்தான். குவான்டாஸின் கியூஎஃப் 1 சிட்னியிலிருந்து லண்டனுக்கு ஒரே எண்ணில் போகிறது, ஆனால் சிங்கப்பூரில் நிற்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூருக்கு நிற்காமல் போகிற விமானமும் உண்டு, ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று போகிற ஒரே எண் விமானமும் உண்டு. நமக்கு வேண்டியது நான்ஸ்டாப். தளத்தில் ‘நிறுத்தம் இல்லை’ என்ற வடிகட்டியைப் போட்ட பிறகும் மொத்தப் பயண நேரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே தடத்தில் ஒன்று மட்டும் இரண்டு மணி நேரம் அதிகமாக இருந்தால் எங்கோ இறங்குகிறது என்று அர்த்தம். இது தெரியாமல் முதல் வருடம் அம்மாவை ஓர் ஊரில் ஒன்றரை மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்காரவைத்தேன். இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

தேடுவதற்கு நான் முதலில் போவது கூகுள் ஃப்ளைட்ஸ். விமானக் கட்டணத் தேடலில் பேர்போன ஐடிஏ சாஃப்ட்வேர் நிறுவனத்தை கூகுள் 2011-இல் வாங்கி முடித்து, அதே ஆண்டு இதைக் கொண்டுவந்தது. அந்த நாட்காட்டிப் பக்கம் இருக்கிறதே, மாதம் முழுக்க எந்த நாளில் என்ன விலை என்று விரித்து வைப்பது, அதற்கே கும்பிடு போடலாம். எந்தக் கிழமை வாங்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஜோசியம் சொல்வார்கள். நான் பார்த்தவரை வாங்கும் கிழமையில் ஒன்றும் இல்லை, பறக்கும் கிழமையில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு நாள் தள்ளிக் கிளம்ப முடிந்தால் அதைவிடப் பெரிய தள்ளுபடி கிடையாது. (எனக்கு அலர்ட் அனுப்பி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது வேறொரு செயலி. பெயர் வேண்டாம்.)

இந்த ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் தற்செயலாக வந்தது. ஒருநாள் நான்கு பேருக்குத் தேட வேண்டிய இடத்தில் மறந்துபோய் ஒருவர் என்றே விட்டுவிட்டேன். தலைக்கு விலை கணிசமாகக் குறைவு. நான்கு என்று மாற்றினால் தலைக்கு விலை ஏறியது. திரும்ப ஒன்று, இறங்கியது. ஏதோ பிழை என்று நினைத்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. நாம் எகானமி என்று ஒரே சொல்லில் முடிக்கும் இடத்துக்குள் பல விலைப்படிகள் இருக்கின்றன. ஒய், பி, எம், கே என்று ஒவ்வொரு படிக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொன்றிலும் இத்தனை இருக்கைதான் என்று ஒரு கணக்கு. கீழ்ப்படியில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்று வையுங்கள். நான்கு பேருக்குக் கேட்டால் மூவருக்குக் கீழ்விலை, ஒருவருக்கு மேல்விலை என்று பெரும்பாலும் பிரித்துத் தரமாட்டார்கள். நான்கும் சேர்ந்து கிடைக்கும் அடுத்த படிக்குத் தாவி, நால்வருக்கும் அந்த விலையைப் போட்டுவிடுவார்கள். எந்தத் தளமும் இதை வாய்திறந்து சொல்லாது.

அன்றிலிருந்து ஒருவர், இருவர், மூவர் என்று ஏற்றிக்கொண்டே போய்ப் பார்ப்பேன். எந்த எண்ணில் விலை தாவுகிறதோ அங்கே வெட்டி, இரண்டு டிக்கெட்டாக வாங்குவேன். இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. இரண்டு முன்பதிவு எண் என்றால் விமான நிறுவனத்தின் கண்ணுக்கு நாம் இரண்டு குடும்பம். விமானம் ரத்தானால் ஒரு பாதியைக் காலையிலும் மறுபாதியை மறுநாளும் அனுப்பலாம். அதனால் அம்மாவும் நானும் ஒரு டிக்கெட், மனைவியும் மகளும் ஒரு டிக்கெட். பெரியவர்களையோ குழந்தையையோ தனி எண்ணில் விடாதீர்கள். வாங்கியதும் நிறுவனத்துக்கு போன் செய்து இரண்டும் ஒரே குடும்பம் என்று குறிப்பு எழுதச் சொல்லிவிடுவேன். ஒருமுறை எழுதியதாகச் சொல்லிவிட்டு எழுதவில்லை, மகள் பதினொரு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். அவளுக்கு அது கொண்டாட்டம்.

நான்ஸ்டாப் விலையைப் பற்றி இன்னொன்று. சுற்றிப் போகும் டிக்கெட்டுக்கு ஐந்தாறு நிறுவனம் போட்டி போடும். நேராகப் போவது பல தடங்களில் ஒரே ஒரு நிறுவனம்தான். அவர்கள் வைத்ததுதான் விலை. அங்கே காத்திருந்தால் இறங்கும் என்பது வீண் ஆசை. இறங்க வேண்டுமானால் இரண்டாவது ஆள் வர வேண்டும். விமான அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை மாறுகிறது, மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. புதுத் தடங்கள் பலவும் அந்தத் தேதிகளை ஒட்டித்தான் தொடங்கும். எங்கள் தடத்தில் ஓர் அக்டோபர் கடைசியில் இரண்டாவது நிறுவனம் நுழைந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள், நாங்கள் பறந்துகொண்டே இருந்தோம். அடுத்த வருடமே இரண்டும் கைகோத்து, ஒரே விமானத்தை இரண்டு எண்ணில் விற்க ஆரம்பித்துவிட்டன. இப்படிக் கூட்டு எண்ணில் விற்கும்போது ஒரே விமானத்துக்கு இரண்டு தளத்தில் இரண்டு விலை இருக்கும். ‘இயக்குவது யார்’ என்ற சின்ன எழுத்தைப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டு, குறைந்ததை வாங்க வேண்டியதுதான்.

இனி இடைத்தரகுத் தளம். ஒப்பீட்டுப் பட்டியலில் முதலில் நிற்பது பெரும்பாலும் இவர்கள்தான். சொடுக்கி உள்ளே போனால் ‘மன்னிக்கவும், விலை மாறிவிட்டது’. பட்டியலில் தெரிவது பல சமயம் கொஞ்ச நேரத்துக்கு முன்பு எடுத்து வைத்த விலை. அதைத் தாண்டினால் பெட்டிக்குத் தனி, இருக்கைக்குத் தனி, குறுஞ்செய்தி அனுப்பத் தனி, கடைசியில் ‘வசதிக் கட்டணம்’. யார் வசதிக்கு? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இறுதி விலையை எப்போதும் காட்ட வேண்டும், கூடுதல் சேவைக்கு வாங்குபவரேதான் டிக் போட வேண்டும் என்று 2008-இலேயே விதி போட்டுவிட்டார்கள். எனக்கு வாய்த்த தளம் டிக் எதையும் முன்கூட்டியே போட்டு வைக்கவில்லை, நியாயமாகச் சொல்கிறேன். ‘காப்பீடு வேண்டாம்’ என்பதை மட்டும் வெளிர் சாம்பல் நிறத்தில், ‘ஆபத்தை நானே ஏற்கிறேன்’ என்று எழுதிவைத்திருந்தது. ஏற்றுக்கொண்டேன்.

அந்தத் தளத்தில் வாங்கிய டிக்கெட்டில்தான் விமானம் ரத்தானது. நிறுவனத்தைக் கேட்டால் ‘வாங்கிய இடத்தில் கேளுங்கள்’, வாங்கிய இடத்தில் கேட்டால் ‘நிறுவனம் இன்னும் பணம் அனுப்பவில்லை’. பணம் வந்து சேர ஐந்து மாதம் ஆனது, அவர்களுடைய கட்டணத்தைக் கழித்துக்கொண்டு. அதற்குப் பிறகு தேடுவது எங்கே வேண்டுமானாலும் தேடுவேன், வாங்குவது விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில்தான். சில சமயம் அங்கே இரண்டு மூன்று சதவீதம் கூடுதல். கொடுத்துவிடுவேன். வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் பணம் கட்டும் பக்கத்தில் ‘உங்கள் நாணயத்திலேயே கட்டுகிறீர்களா’ என்று அன்பாகக் கேட்பார்கள். அந்த அன்பிலும் ஒரு மாற்று விகிதம் ஒளிந்திருக்கும். அதையும் கார்டு நிறுவனம் பிடிக்கும் தொகையையும் ஒப்பிட்ட பிறகு சரி சொல்லுங்கள்.

பிரவுசரின் ரகசிய ஜன்னலில் (இன்காக்னிட்டோ) தேடினால் விலை குறையும் என்று அலுவலக நண்பர் நம்புகிறார். நாலு போன், இரண்டு கணினி வைத்து ஒரே நேரத்தில் நானே பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அதே விலை. நாம் பார்த்ததால் ஏறுவதில்லை, கீழ்ப்படியில் இருந்த இருக்கையை வேறு யாரோ வாங்கியதால் ஏறுகிறது.

சரி, அலர்ட்டுக்கு வருகிறேன். வாங்கும் வரை அதைப் போல ஒரு நண்பன் கிடையாது. இந்த முறைகூட மூன்று வாரம் விலையைக் காவல் காத்து, ஏறப்போகிறது என்று எச்சரித்து, அதனால்தான் நான் அவசரமாக வாங்கினேன். ஏறவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் நான் வாங்கிவிட்டேன் என்று அதற்குத் தெரியாது. ‘வாங்கிவிட்டேன், விடு’ என்று சொல்ல ஒரு பொத்தான் வைக்க ஏழு வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அமைப்புகளுக்குள் நான்கு பக்கம் போய், தடத்தைத் தேடிப்பிடித்து, அணைத்து, ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

மதிப்பெண் கேட்டால், தேடலுக்கு ஐந்துக்கு நாலரை. நாட்காட்டிக்கு ஐந்து. ஏழு வருடத்தில் மிச்சம் பிடித்ததைக் கூட்டினால் எங்கள் நால்வருக்கும் ஒரு முழுப் பயணத்துக்கான டிக்கெட் தேறும், குறைத்தே சொல்கிறேன். மொத்தத்துக்கு ஐந்துக்கு ஒன்று. சராசரி எடுத்தால் ஒன்று வராது என்று தெரியும். இன்றைக்கு ஒன்றுதான்.

அலர்ட்டை இன்னும் அணைக்கவில்லை. நேற்று ராத்திரி பத்தரைக்கு மறுபடி ஒலித்தது. சிவப்பு அம்பு, மேல்நோக்கி. நான் கொடுத்த விலையைத் தாண்டிப் போயிருந்தது. தூக்கம் வராமல் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “அப்போ நமக்கு லாபமாடா?” என்றார்.

ஆமாம்மா என்றேன்.