ஏழு வருடச் சந்தா, கேட்காத கயாம்ப்

காரைக்காலிலிருந்து அண்ணன் மகள் போன வாரம் போனில் கேட்டாள். "அத்தை, நான் அங்க வந்து இறங்கினதும் அந்த மியூசிக் குழுவுக்குச் சந்தா கட்டிடட்டுமா? நீங்கதான் ஏழு வருஷமா அதும் பின்னாடியே சுத்துறீங்களே!" ஆகஸ்டில் நான் இருக்கும் ரெயூனியனுக்கு, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு இது, சேன்-தெனி பல்கலைக்கழகத்தில் சேர வரப் போகிறாள். பொறு, எழுதி அனுப்புகிறேன் என்றேன். புதுச்சேரியிலிருந்து வந்து ரெயூனியனில் குடியேறிய வேறு இரண்டு மூன்று பேரும் இதையே கேட்டிருப்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

குழுவின் பெயரைப் போட மாட்டேன். தீவு சின்னது. இன்றைக்குத் திட்டிவிட்டு அடுத்த சனிக்கிழமை அவர்கள் முகத்திலேயே விழிக்க வேண்டும். இந்தத் தீவின் பழைய பாட்டான மலோயாவை எலெக்ட்ரிக் கிதாரோடு சேர்த்து வாசிக்கும் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரே ஆட்களே மாறி மாறி மூன்று பேண்டுகளாக மேடையேறுவார்கள். பிரான்சின் 1901-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிவு செய்த சங்கம். வருடச் சந்தா இருபது யூரோ. கட்டினால் டிக்கெட்டில் தள்ளுபடி, ஒத்திகைக்குப் போய் உட்காரலாம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் இதில் விழுந்தது மகனால். 2019-ல் அவனுக்குப் பதினாறு வயது. இங்கே மஞ்சள் பஸ் சாயங்காலத்தோடு படுத்துவிடும்; இரவு நிகழ்ச்சிக்குப் போக வேண்டுமென்றால் யாராவது கார் ஓட்டியாக வேண்டும். சேந்த்-ஆந்த்ரேயிலிருந்து மேற்குக் கரை வரை கடலோரச் சாலையில் அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, முதல் இரண்டு தடவை காரிலேயே உட்கார்ந்து குமுதம் படித்தேன். மூன்றாம் தடவை கழிவறை தேடி உள்ளே போனவள் கடைசிப் பாட்டு வரை வெளியே வரவில்லை. மகன் இப்போது லியோனில் இருக்கிறான். அவன் இந்தக் குழுவை மறந்தே போய்விட்டான். நான்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு என்னைப் பிடித்து நிறுத்தியது கயாம்ப். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: நம் வீட்டு முறத்தைவிடக் கொஞ்சம் பெரிய தட்டையான சட்டம். கரும்புப் பூவின் தண்டுகளை நெருக்கமாக வரிசை கட்டி, நடுவில் கல்வாழை விதைகளைக் கொட்டி மூடியிருப்பார்கள். இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினால் விதைகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடும். அந்த ஓட்டம்தான் தாளம். தகிட தகிட என்று மூன்று மூன்றாக, சலிக்காமல் போகும். நெல் புடைக்கும் சத்தத்தையும் மழை வரும் சத்தத்தையும் சேர்த்துக் கேட்பது போல இருக்கும். ராக் டிரம்ஸ் நாலு நாலாக அடித்துப் பழகியது. இந்த மூன்றும் அந்த நாலும் மோதும் இடத்தில்தான் இவர்கள் பாட்டு பிறக்கிறது.

சரி, குறை என்னவென்றால், அந்தக் கயாம்ப் மேடையில் கேட்கவே கேட்காது.

மிகைப்படுத்தவில்லை. ஏழு வருடத்தில் நாற்பது நிகழ்ச்சியாவது பார்த்திருப்பேன். கயாம்ப் முழுசாகக் கேட்டவை ஐந்து இருந்தால் அதிகம். முதல் பாட்டு மெதுவாக ஆரம்பிக்கும், கயாம்பும் குரலும் மட்டும். ஆகா என்று இருக்கும். அப்புறம் டிரம்மர் சிம்பலில் கை வைப்பார். முடிந்தது கதை. மேடையில் ஒரு மனுஷன் வியர்க்க விறுவிறுக்கச் சட்டத்தை ஆட்டிக்கொண்டிருப்பார். வாயசைப்பது போல அது கையசைப்பு. பெரிய அரங்குகளில் ஒன்றில் நான் சவுண்ட் மேசைக்கே போய்ச் சொன்னேன். அந்தப் பையன் தலையாட்டிவிட்டு ஒரு குமிழைத் திருகினான். பேஸ் கிதார் இன்னும் கொஞ்சம் ஏறியது.

அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கயாம்ப் வாசிப்பவரிடமே ஒரு நாள் உட்கார்ந்து கேட்டேன். கயாம்பின் சலசலப்பும் சிம்பலின் சத்தமும் ஏறக்குறைய ஒரே உச்சத்தில் இருப்பவை. பெரியது சின்னதை விழுங்கிவிடும். மைக்கை எதிரே நட்டு வைத்தால், சட்டம் இடவலமாகப் போகும்போது சத்தமும் கிட்டே வந்து தூரப் போகும். மைக்கை ஏற்றினால் ஊளையிடும். ஊளை வராமலிருக்க ஒரு கருவி போடுவார்கள். அது மெல்லிய சத்தத்தை எல்லாம் வாசலிலேயே அடைத்துவிடும், கயாம்பில் பாதி மெல்லிய சத்தம்தான். ஒரு தடவை சட்டத்திலேயே குட்டி மைக்கை டேப் போட்டு ஒட்டிப் பார்த்தார்கள். விதை ஓடும் சத்தத்துக்குப் பதில் கட்டைவிரல் இடிக்கும் சத்தம்தான் அரங்கம் முழுக்கக் கேட்டது.

இதோடு அரசாங்கச் சட்டம் வேறு. 2017-ல் பிரான்சில் ஒரு ஆணை வந்தது. பதினைந்து நிமிடச் சராசரியில் ஒலி 102 டெசிபலைத் தாண்டக்கூடாது, வருகிறவர்களுக்குக் காதடைப்பான் இலவசமாகக் கொடுக்க வேண்டும். இது பிரெஞ்சு மண் என்பதால் இங்கேயும் அதே கணக்கு. சின்னக் கூடத்தில் டிரம்ஸும் கிதார் பெட்டியும் மைக் இல்லாமலே அந்த அளவில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன. கயாம்பை ஏற்ற இடமே மிஞ்சுவதில்லை. நல்ல சட்டம்தான், என் காதும் ஐம்பது வயதுக் காதுதான். ஆனால் வாசலில் கொடுக்கும் அந்த மஞ்சள் நுரையைக் காதில் வைத்தால் முதலில் காணாமல் போவது எது தெரியுமா? கேட்கவே வேண்டாம்.

இதெல்லாம் புரிகிறது. புரிந்த பிறகும் கோபம் குறையவில்லை. சிம்பலைக் கொஞ்சம் அடக்கி அடிக்கச் சொன்னால் டிரம்மர் ஏதோ அவர் சொத்தில் பங்கு கேட்டது போல முறைக்கிறார். இந்தக் கலப்பு நேற்று முளைத்ததும் இல்லை. எழுபதுகளிலேயே இந்தத் தீவுப் பாடகர் அலேன் பேத்தர்ஸ் ராக் பேண்டுகளில் வாசித்துவிட்டு மலோயா பக்கம் வந்தவர். 1995-ல் நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டார். ழில்பேர் பூனியாவின் சிஸ்ககான் என்ற பேண்டு 1979-ல் ஆரம்பித்தது. அந்தப் பெயருக்கு இந்தத் தீவு மக்கள் பேசும் கிரியோலில் 'எப்போது வரைக்கும்' என்று அர்த்தம். கரும்புத் தோட்டத்து அடிமைகளின் பாட்டு மலோயா. 1981 வரை அரசாங்கம் சந்தேகக் கண்ணோடு ஓரம் கட்டியே வைத்திருந்தது. 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அத்தனையும் தாண்டி வந்த வாத்தியம் ஒரு ஜோடிப் பித்தளைத் தட்டிடம் தோற்கிறதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இனி அண்ணன் மகள் தெரிந்துகொள்ள வேண்டிய நல்ல விஷயம். மூன்றாவது வருடம் குழுவில் ஒரு மலபார் பையன் சேர்ந்தான். மலபார் என்றால் கேரளம் இல்லை. 1848-க்குப் பிறகு நம் காரைக்கால், புதுச்சேரித் துறைமுகங்களிலிருந்தெல்லாம் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகளை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பெயரில் தமிழ் இருக்கும், பேச்சில் இருக்காது. அவன் கோயிலில் தப்பு அடிப்பவன். மோளத்தை 'மொர்லோன்' என்பான். முதல் நாள் ஒத்திகைக்கு வந்தவன் கொட்டகைக்கு வெளியே காய்ந்த சருகைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்ச ஆரம்பித்தான். கிதார்காரர்கள் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். நான் சிரித்த சிரிப்பில் அவன் என் பக்கம் திரும்பி, தமிழ் தெரியுமா என்று கிரியோலில் கேட்டான்.

தாத்தா கூத்து வாத்தியாராம். நாடகத்தை இங்கே 'நார்ல்கோன்' என்கிறார்கள், வாத்தியாரை 'வர்த்தியால்'. தாத்தா பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்த ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து நாலு வரி பாடிக் காட்டினான். மூன்று வரி எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நாலாவதில் 'வந்தேனே' என்று வந்தது. திருவிழாவில் வேஷக்காரன் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே குதிக்கும்போது பாடுவானே, அந்த இழுப்பு அப்படியே இருந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த வரியை வைத்து அவர்கள் செய்த ஒன்பது நிமிடப் பாட்டுதான், என்னைக் கேட்டால், இந்தக் குழு இதுவரை செய்ததிலேயே ஒன்றாம் நம்பர். அதை மேடையில் எப்போது கேட்கலாம் என்பது மட்டும் உறுதியில்லை. தீமிதிக்கு முன்னால் அவன் விரதம் இருப்பான். கறியும் பீரும் புழங்கும் கூடத்துக்கு அந்த நாட்களில் வர மாட்டான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நம் வீட்டிலும் அப்படித்தானே.

ஆள் மாறிக்கொண்டே இருப்பதையும் குறையாகச் சொல்கிறார்கள். கலைஞர்களுக்கான உதவித்தொகை வாங்க பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலைக் கணக்குக் காட்ட வேண்டும். பேஸ் வாசிக்கும் பெண் அந்த மணியை நிரப்பக் கல்யாணத்துக்கும் ஓட்டலுக்கும் வாசிக்கப் போகிறாள். அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. 2020-ல் நின்று பார்க்கும் நிகழ்ச்சி எதுவும் இல்லாத மாதங்களில் அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று பார்த்தவள் நான்.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், என் கயாம்ப் பழுதாகிவிட்டது. நாலு வருடம் முன்பு அந்தக் கயாம்ப்காரரிடமே வாங்கினேன். வாசிக்கத் தெரியாது, சுவரில் மாட்டியிருந்தேன். 2025 பிப்ரவரி 28-ல் கரான்ஸ் புயல் வடக்குக் கரை வழியாகத் தீவுக்குள் புகுந்தபோது கூரையின் ஒரு மூலை போய், அந்தச் சுவர் முழுக்கத் தண்ணீர். காய வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே தண்டு பூஞ்சை பிடித்து, சில மாதம் கழித்துத் தரையில் தினம் நாலு கறுப்பு விதை கிடக்க ஆரம்பித்தது. எலிப் புழுக்கை என்று நினைத்து வீடு முழுக்கப் பொறி வைத்தேன்.

போன சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஆணியைப் பிடுங்கி, விதைகளை ஒரு தாம்பாளத்தில் கொட்டி, சொத்தையை எல்லாம் பொறுக்கி எறிந்தார். அழுகிய தண்டுகளுக்குப் பதில் புதுத் தண்டு. ஒவ்வொன்றையும் காதருகே வைத்து விரலால் தட்டிப் பார்த்துத்தான் வைத்தார். முடிந்ததும் ஒரு பத்து நிமிடம் வாசித்தார். டிரம்ஸ் இல்லை, கிதார் இல்லை, பக்கத்து வீட்டு நாய் மட்டும். நாற்பது நிகழ்ச்சிக்குக் கொடுத்த காசு அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் என்று தோன்றியது. முப்பது யூரோ வாங்கிக்கொண்டார். சந்தாதாரர் தள்ளுபடி இதற்குக் கிடையாதாம்.

ஆக, கண்ணு, சந்தா கட்டாதே. ஆல்பம் வாங்கிக் கேள், அதில் கயாம்ப் தெளிவாக இருக்கிறது. ஒத்திகைக்கு என்னோடு வா, என் பெயரைச் சொன்னால் விடுவார்கள். யார் வீட்டு முற்றத்திலாவது மைக் இல்லாத கபார், அதாவது மலோயா பாடி ஆடும் கூட்டம், நடந்தால் சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம். அரங்கு நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்து என்னை மாதிரி ஏழு வருடம் வயிறெரியாதே. என் சந்தாவையும் இந்த வருடம் புதுப்பிக்கப் போவதில்லை என்று அவரிடமே சொன்னேன். சிரித்துவிட்டு, அடுத்த மாதம் புது டிரம்மர் வருகிறார், குச்சிக்குப் பதில் பிரஷ் வைத்து மெதுவாக அடிப்பவர் என்றார். இரண்டு டிக்கெட் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பார்ப்போம்.

திரும்பி வரும்போது கயாம்பைக் கார் பின் சீட்டில் கிடத்தியிருந்தேன். ஊர் வரைக்கும் எத்தனை ரவுண்டானா! ஒவ்வொன்றிலும் விதைகள் மொத்தமாக ஒரு பக்கம் ஓடி, நேரானதும் இன்னொரு பக்கம் திரும்பி வந்தன. ரேடியோவை அணைத்துவிட்டேன்.