பார்வோ வந்த குட்டிக்கு முதலில் எது: கல்லீரல் சிரப்பா, டிரிப்பா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் எங்கள் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. போன மாதம் எங்கள் மணிக்கு, பத்து வார நாய்க்குட்டி, பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளில் ஏஎல்டி (கல்லீரல் செல்கள் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் நொதி) கூடியிருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "கல்லீரல் போச்சு தம்பி, கீழாநெல்லி அரைச்சுக் குடு" என்றார். கடைக்காரர் கல்லீரல் சிரப்பை எடுத்து நீட்டினார். டாக்டரோ ஈப்போவில் அட்மிட் பண்ணுங்கள், முடியாவிட்டால் தினமும் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். எதற்குக் காசைப் போடுவது என்று அன்று இரவு முழுக்கத் தவித்தோம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெரிய வேண்டும். 1978இல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் முக்கியமாகத் தாக்குவது வேகமாகப் பெருகும் செல்களை, அதாவது குடலின் உள்தோலையும் எலும்பு மஜ்ஜையையும்தான். உள்தோல் உரிந்ததும் குடலில் இருக்கும் பாக்டீரியாவும் அதன் நச்சும் ரத்தத்தில் கலக்கின்றன, குடலின் ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது என்பதால் முதல் அடி அதற்கு விழுகிறது. கூடவே வாந்தியும் பேதியுமாக நீர் வற்றி ரத்த ஓட்டம் குறைய, ஆக்சிஜன் போதாமல் கல்லீரல் செல்கள் கசிகின்றன. ஏஎல்டி கொஞ்சம் ஏறுவது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே நீரைத் திருப்பிக் கொடுப்பதே இங்கே கல்லீரலுக்கும் மருந்து.

இப்படிப் பார்த்தால் சிரப்பும் கீழாநெல்லியும் முதல் நாட்களில் போட்டியிலேயே இல்லை. வாந்தி எடுக்கிற குட்டியின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. இன்னொன்று: மனிதர்களுக்கான சர்க்கரை இல்லாத சிரப் சிலவற்றில் சைலிட்டால் இருக்கும், அது நாயின் சர்க்கரையைத் தடாலென இறக்கிக் கல்லீரலையே அழிக்கக்கூடியது. காய்ச்சல் அடிக்கிறதே என்று பெனடோல் (பாராசிட்டமால்) கொடுப்பவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம், அதுவும் கல்லீரலுக்கு நஞ்சு.

சரி, அட்மிட்டா, தினமும் போய் வருவதா? அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 நாய்களை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. அட்மிட் ஆனவற்றில் 90 சதவீதம் பிழைத்தன, வெளிநோயாளி முறையில் 80 சதவீதம். இதைக் கேட்டுவிட்டு "அப்போ வீட்டிலேயே பார்த்துக்கலாம்" என்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எல்லா நாய்களுக்கும் முதலில் நரம்பில் டிரிப் ஏற்றி, சர்க்கரையைச் சரிசெய்த பிறகுதான் பிரித்தார்கள். வெளிநோயாளிக் குழுவுக்கும் தோலுக்கடியில் கிலோவுக்கு 30 மில்லி வீதம் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை நீர் ஏற்றினார்கள், வாந்தியை நிறுத்தும் ஊசியும் ஆண்டிபயாட்டிக்கும் போட்டார்கள். காலையில் ஒரு தடவை கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுவிட்டு வருவது இதற்குச் சமமாகாது.

குட்டி துவண்டு கிடந்தாலோ ஈறு வெளுத்து இருந்தாலோ அட்மிட்தான், கடன் வாங்கியாவது. குட்டிகளின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு, பட்டினி கிடந்தால் சீக்கிரம் தீர்ந்து வலிப்பு வரை போகும், இரவில் அதைக் கவனிக்க ஆள் வேண்டும். எழுந்து நிற்கிற, முதல் டிரிப்பில் தெளிந்துவிட்ட குட்டிக்கு, தோலுக்கடியில் நீர் ஏற்ற டாக்டரிடம் கற்றுக்கொண்டு இரவும் விழித்திருக்க வீட்டில் ஆள் இருந்தால், இரண்டாவது வழி நியாயமானது. காலை ஐந்தரைக்கு நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பிவிடுகிற வீடு எங்களது, அதனால் மணியை அட்மிட் பண்ணினோம், ஐந்து நாள். வாந்தி முழுதாக நிற்கும்வரை பட்டினி போடாமல் சீக்கிரமே டியூப் வழியாகச் சிறிது சிறிதாக ஊட்டினார்கள், அப்படி ஊட்டினால் குட்டி விரைவாகத் தேறும் என்று 2003இலேயே ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

வீடு திரும்பி மூன்றாவது வாரம் மறுபடி ரத்தம் பார்த்தபோது ஏஎல்டி தானாகவே இறங்கியிருந்தது, ஒரு சொட்டு சிரப் கொடுக்கவில்லை. இறங்காமல் இருந்தால் அப்புறம்தான் கல்லீரலைத் தனியாகச் சந்தேகிக்க வேண்டும், அப்போதும் கடைக்குப் போகாமல் கல்லீரல் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் பித்த அமிலப் பரிசோதனையை டாக்டரிடம் கேளுங்கள். பிறவியிலேயே குடல் ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும் குறை சில குட்டிகளுக்கு இருக்கும், அந்தச் சந்தேகம் அதில் தெரியவரும்.