பழைய ஸ்கார்பியோவுக்கு எச்டியா, ஏடியா, எம்டியா? பட்டனைப் பார்க்காதீர்கள், பக்கச்சுவரைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் எஸ்யூவி எடுத்துக் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களுக்கு எஞ்சினை விடப் பெரிய தலைவலி டயர்தான். நான் மதுரையில் எடுத்தது ஒரு ஸ்கார்பியோ, பின்சக்கர டிரைவ் மட்டும், ஃபோர் வீல் கிடையாது, டயர் அளவு 235/65 ஆர்17. கூட வந்த டயர்கள் தேய்ந்திருந்தன, எப்படியும் மாற்றியாக வேண்டும். எச்டி (ஹைவே டெரெய்ன், தார் ரோட்டுக்கானது), ஏடி (ஆல் டெரெய்ன், தார், மண் இரண்டுக்கும்), எம்டி (மட் டெரெய்ன், சேற்றுக்கானது) என்று மூன்றையும் அலசிவிட்டு, கடைசியில் ஸ்டெப்னி உட்பட ஐந்துமே ஏடியாகப் போட்டேன். நான் ஏடி பக்கம்தான் சாய்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் காரணம் பெரும்பாலானவர்கள் நினைக்கிற காரணம் இல்லை.

எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் டயர். நாங்கள் காப்புக்காட்டுக்குள் போவதில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே தங்கவும் கூடாது, மேகமலையெல்லாம் 2021இலிருந்து புலிகள் காப்பகம். எங்களுக்கு நத்தம் பக்கத்து மாந்தோப்புகள், கம்பம் பள்ளத்தாக்கில் தெரிந்தவர்களின் தென்னந்தோப்பு, முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கண்மாய்க் கரைகள், அப்புறம் வாலிநோக்கம், அரியமான் மாதிரி கடற்கரைகள். ஆக, பயணத்தில் முக்கால்வாசிக்கு மேல் தார் ரோடு, கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் வண்டிப்பாதை. அந்தக் கடைசித் துண்டில் மாட்டிக்கொண்டால் பிள்ளைகள், வயதான அப்பா எல்லோரும் வெயிலில் நிற்க வேண்டும் என்பதுதான் கவலை.

எச்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சத்தம் இல்லை, மைலேஜ் தரும், ஈரத் தாரில் நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் காய்ந்த மண் ரோட்டில் இறங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எச்டியே போடலாம். ஸ்கார்பியோவின் உயரமே பாதி வேலையைப் பார்த்துவிடும்.

எம்டியை நான் சொந்தமாக ஓட்டியதில்லை, நண்பரின் மஹிந்திரா தார் ஜீப்பில் போன அனுபவம் மட்டும்தான். பார்க்க அவ்வளவு அழகு, மறுக்க முடியாது. மேலூர் தாண்டி நாலுவழிச் சாலையில் எண்பதைத் தொட்டதும் உள்ளே ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள் பின்சீட்டில் தூங்கினால்தான் எங்கள் வீட்டில் நீண்ட பயணமே நடக்கும், அதனால் இதைச் சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பட்டன்களுக்கு, அதாவது தரையைத் தொடுகிற ரப்பர் கட்டிகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருப்பதால் தாரைத் தொடுகிற ரப்பரும் குறைவு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற ரோட்டில் மழை பெய்து, முன்னால் போகிற பஸ் திடீரென்று நின்றால் அந்தக் குறைவு தெரியும். மணலிலும் எம்டி நன்றாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கடற்கரை மணலில் கொஞ்சம் அதிகமாக ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்தப் பெரிய பட்டன்கள் மண்வெட்டி மாதிரி பள்ளம் தோண்டி வண்டியை அச்சு வரைக்கும் இறக்கிவிடும்.

எம்டி உண்மையிலேயே ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு, ஈரக் கரிசல். அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் பக்கம் மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டுக்குள் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சக்கரம் நாலு சுற்று சுற்றுவதற்குள் எச்டி, ஏடி இரண்டிலும் காடி முழுக்கக் களிமண் அடைத்துக்கொண்டு மொட்டை டயராகிவிடும். எம்டியின் அகலமான இடைவெளி அந்த மண்ணை உதறித் தள்ளும். சரி, ஆனால் குடும்பத்தோடு போகிறவன் ஈரக் கரிசலில் இறங்கியே ஆக வேண்டுமா? நல்ல வெயில் அடித்து மேல்மண் காய்கிற வரைக்கும் பொறுத்தால் அதே பாதை சிமெண்டு ரோடு மாதிரி இறுகிவிடும். ஃபோர் வீல் இல்லாத வண்டியில் எம்டியை நம்பி அங்கே இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம். அது பிடிமானம் இல்லை, டயரின் பக்கச்சுவர்.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் எந்தக் கண்மாய்க்குப் போனாலும் சீமைக் கருவேலம்தான். முள்ளைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். முள் பெரிய பிரச்சினையே இல்லை, தரையைத் தொடுகிற பாகத்தில் குத்தினால் டியூப்லெஸ் டயரில் ஒரு குச்சியைச் சொருகிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பிரச்சினை வெட்டிய தூர். கரிமூட்டத்துக்காக மரத்தை அரிவாளால் சாய்வாக வெட்டி எடுத்துப் போய்விடுவார்கள், தரைக்கு மேலே சாண் உயரத்துக்குக் கூர்மையான கட்டை நிற்கும், கொஞ்ச நாளில் அதிலிருந்தே புதுத் தளிர் கிளம்பி அந்தக் கூர்முனையை மறைத்துவிடும். எதிரே டிராக்டர் வருகிறது என்று ஓரம் ஒதுங்குவோம். அப்போது தரையைத் தொடுகிற பாகம் அதில் ஏறாது, டயரின் பக்கவாட்டில்தான் அந்தக் கட்டை உரசிக் கிழிக்கும். மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிப் பாதைகளில் கிடக்கிற உடைகல்லும் இதே வேலையைத்தான் செய்யும்.

ரேடியல் டயரில் தரையைத் தொடுகிற பாகத்துக்கு அடியில் ஸ்டீல் பெல்ட் இரண்டு அடுக்கு இருக்கும், அதற்கு மேல் பெரும்பாலும் நைலானும் இருக்கும். பக்கச்சுவரில் ஸ்டீல் பெல்ட் கிடையாது. பாலியெஸ்டர் நூல் ஒன்றோ இரண்டோ அடுக்கு, மேலே மெல்லிய ரப்பர், அவ்வளவுதான். சக்கரம் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் அந்த இடம் மடங்கி நிமிர்கிறது, அதனால் அங்கே குச்சி போட்டாலும் பேட்ச் ஒட்டினாலும் நிற்காது. நூல் அறுந்திருந்தால் அந்த இடம் உப்பிக்கொண்டு வரும், வேகத்தில் போகும்போது வெடிக்கும். அடியில் குத்தினால் நூறு இருநூறு ரூபாயோடு முடிகிற வேலை, பக்கத்தில் கிழிந்தால் முழு டயர் போச்சு. முதுகுளத்தூர் ரோட்டில் நண்பர் ஒருவரின் வண்டிக்கு இப்படி ஆனபோது பஞ்சர் கடைப் பெரியவர் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "முள்ளு குத்துனா எங்கிட்ட வாங்க தம்பி. கட்டை கிழிச்சா டயர் கடைக்குத்தான் போகணும்."

இங்கேதான் ஒரு குழப்பம். ஏடி என்று எழுதியிருந்தாலே பக்கச்சுவர் கெட்டியாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை. எஸ்யூவி அளவுகளில் வருகிற சில ஏடி டயர்கள் உள்ளே எச்டி மாதிரியே கட்டப்பட்டவை, மேலே பட்டன் மட்டும் வேறு. அதனால் கடையில் பட்டனைத் தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். டயரைப் படுக்கப் போடச் சொல்லி, செல்போன் லைட்டை அடித்து, ரிம்முக்குக் கொஞ்சம் மேலே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பல டயர்களில் டிரெட்டுக்கு, அதாவது தரையைத் தொடுகிற பாகத்துக்கு, இத்தனை பாலியெஸ்டர், இத்தனை ஸ்டீல், இத்தனை நைலான் என்று போட்டு, சைடுவாலுக்குத் தனியாக எத்தனை அடுக்கு பாலியெஸ்டர் என்றும் போட்டிருப்பார்கள். ஒன்று என்றால் நான் எடுக்க மாட்டேன், இரண்டு என்றால் சரி, மூன்று கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அது பெரும்பாலும் எல்டி வகை டயர்களில்தான் வரும். எல்டி என்பது லைட் டிரக்குக்கான கட்டுமானம். கனம் அதிகம், காற்றும் கூடுதலாக அடிக்க வேண்டும், சுமை இல்லாமல் ஊருக்குள் ஓட்டினால் தூக்கித் தூக்கிப் போடும். எங்கள் உபயோகத்துக்கு அது தேவைப்படவில்லை.

பக்கத்திலேயே அளவுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கும். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 108 என்றால் 1000 கிலோ. கூடாரம், தண்ணீர்க் கேன், கேஸ் அடுப்பு, ஆட்கள் எல்லாம் ஏறுகிற வண்டியில் கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. ஏடியில் பட்டன்கள் தோள் தாண்டிப் பக்கச்சுவரில் கொஞ்சம் இறங்கி வந்திருந்தால் அதுவும் நல்லது, கட்டை முதலில் அந்தத் தடித்த ரப்பரில்தான் மோதும்.

அலாய் வீலைப் பெரிதாக்கி வைத்திருக்கிற பழைய வண்டி என்றால் விலை பேசும்போதே குறைத்துக் கேளுங்கள். 235/65 ஆர்17இல் பக்கச்சுவரின் உயரம் (அகலம் 235 மில்லிமீட்டர், அதில் 65 சதவீதம்) சுமார் 153 மில்லிமீட்டர். அதே மொத்த உயரம் வர 18 அங்குல ரிம்மில் 235/60 போட்டால் 141தான் மிஞ்சும். கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிக் கொடுப்பது அந்த ரப்பர்தான், 12 மில்லிமீட்டரை அழகுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

காற்றைக் குறைப்பதிலும் இதே கணக்குதான். கடற்கரை மணலில் 18, 20 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கினால் ஏடி டயர் நன்றாகப் பரந்து மிதந்து போகிறது, பின்சக்கர வண்டியே வாலிநோக்கம் மணலில் சிரமப்படாமல் வெளியே வந்தது. ஆனால் காற்று குறையும்போது பக்கச்சுவர் வெளியே பிதுங்கும், தூர் நிற்கிற பாதையில் அதே 18இல் போனால் நாமே டயரை அதற்கு நீட்டிக் கொடுக்கிற மாதிரி. அங்கே நான் 25க்குக் கீழே போவதில்லை. தாரில் ஏறுமுன் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கிற அளவுக்குத் திரும்ப அடித்தே ஆக வேண்டும். குறைந்த காற்றோடு சித்திரை வெயிலில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். அதனால் டயர் பட்ஜெட்டிலேயே ஒரு நல்ல கம்ப்ரசருக்கும் காசு ஒதுக்குங்கள், நேராக பேட்டரியில் மாட்டுகிற வகை.

எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். மதுரைக்காரர்களுக்கு டயர் என்றதும் மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டி டிவிஎஸ் ஸ்ரீசக்ராதான் நினைவுக்கு வரும், ஆனால் அது பைக், ஆட்டோ டயருக்குப் பேர்போனது. நமக்கு அப்போலோ, எம்ஆர்எஃப், சியட், யோகோஹாமா இவற்றுக்குள்தான் பார்க்க வேண்டும். நான் போட்டது அப்போலோ அப்டெரா ஏடி2. யோகோஹாமா ஜியோலாண்டர் ஏடியும் மனசில் இருந்தது. இரண்டையும் ஓட்டி ஒப்பிட்டவன் இல்லை என்பதால் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். போட்டதிலிருந்து தூர்ப் பாதைகளில் உரசல் கோடுகள் நிறைய விழுந்திருக்கின்றன, நூல் தெரிகிற அளவுக்கு எதுவும் கிழியவில்லை. ஆனால் இன்னும் பாதிகூடத் தேயாத டயர், ஆயுள் பற்றி இப்போதே பேச முடியாது. மைலேஜ் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் குறைந்த மாதிரி தெரிகிறது, ஏசி, சுமை எல்லாம் மாறிக்கொண்டே இருப்பதால் முழுப் பழியையும் டயர் மேல் போட முடியவில்லை. சத்தம் எச்டியை விடக் கூடுதல்தான், கண்ணாடியை ஏற்றிவிட்டால் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

ஐந்தாவது டயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஸ்கார்பியோ, எக்ஸ்யூவி500, ஹேரியர் எல்லாம் உபயோகிக்கிற அளவு என்பதால் 235/65 ஆர்17இல் எச்டி பெரும்பாலும் கிடைத்துவிடும். நீங்கள் போட்டிருக்கிற அதே ஏடி, ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. பழைய வண்டியின் அடியில் தொங்குகிற ஸ்டெப்னி பட்டன் தேயாமல் புதுசு மாதிரியே இருக்கும், அதை நம்பிவிடக் கூடாது. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், 1418 என்றால் 2018ஆம் வருஷம் 14ஆவது வாரம் தயாரித்தது. ஓடாவிட்டாலும் ரப்பர் காயும், பத்து வருஷத்துக்கு மேல் எந்த டயரையும் உபயோகிக்க வேண்டாம் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. நம்ம ஊர் வெயிலுக்கு ஆறு வருஷம் தாண்டினாலே பக்கச்சுவரை அழுத்திப் பார்த்து, பொடி வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுவேன். புது டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டே மாட்டச் சொல்லுங்கள், இரண்டு வருஷம் குடோனில் கிடந்த சரக்கைத் தள்ளுபடி என்று எடுத்துக் கொடுப்பார்கள். அந்த ஐந்தையும் எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஸ்டெப்னியையும் சேர்த்துச் சுழற்றி மாட்டினால் எல்லாம் ஒரே மாதிரி தேயும், நடுவழியில் ஸ்டெப்னியை மாட்டினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்காது.