நெடுந்தீவா, நயினாதீவா, கசூரினாவா?

கொழும்பில் இருந்து கூட்டாளிமார் வருகினம், வீட்டில் அம்மம்மாவும் சின்னப் பிள்ளைகளும் இருக்கினம், சனி ஞாயிறில் எல்லாரையும் ஒரு தீவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும் என்றால், யாழ்ப்பாணத்தில் அநேகமானோர் யோசிக்காமல் கைகாட்டுவது நெடுந்தீவை. படங்களில் வரும் குதிரைகள்தான் காரணம். நான் முதலில் பார்ப்பது திரும்பி வரும் படகை.

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் இருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். காலைப் படகை விட்டால் அன்றைய பயணம் போச்சு. பின்னேரப் படகை விட்டால் இரவு அங்கேதான். இடையில் கிடைக்கும் சில மணித்தியாலத்தில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் தீவை ஆட்டோ பிடித்துச் சுற்றவேண்டும். ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம் (பாவோபாப்), குதிரை வெளி என்று ஒவ்வொன்றிலும் இறங்கிப் படம் எடுத்து ஏறுவதுதான் மிச்சம்.

அங்கே ஆறுதலாகப் பார்க்கவேண்டியது மதில்களை. கதியாலும் கிடுகுமாக வேலிகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த முருகைக்கல் மதில் புதுசு. சீமெந்து, சுண்ணாம்பு ஒன்றும் இல்லை. கல்லுக்கு மேல் கல், இடுக்குகளால் காற்றுப் போகும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால் பவளப் பூச்சிகள் இருந்த குழிகள் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். பெருக்குமரப் பொந்துக்குள் நுழைந்த பிள்ளைகளை வெளியே எடுப்பது தனிவேலை.

ஆகவே, நெடுந்தீவு என்றால் ஓரிரவு தங்குங்கள். சிறிய தங்குமிடங்கள் சில உண்டு, முன்கூட்டியே பேசிவைக்கவேண்டும். மாரி மழை விட்ட பிறகு, தை மாசியில் வெளி பச்சையாக இருக்கும். சோழகம் என்ற தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் கடலும் கொந்தளிக்கும், தண்ணீர் இல்லாமல் குதிரைகள் படும் பாடும் கண்ணால் பார்க்க முடியாது. மாவிலித்துறையடியில் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் இருக்கிறது. கூட்டமாகக் கத்திக்கொண்டு கடக்கிற இடம் அல்ல.

நயினாதீவுக்கும் அதே குறிகட்டுவான் துறைதான், ஆனால் கடல் கால் மணி நேரம் அளவில் முடிந்துவிடும். படகுகளும் அடிக்கடி ஓடும். ஒன்றை விட்டால் அடுத்தது. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேணும்? ஒன்று மட்டும்: பல படகுகளில் குனிந்துதான் உள்ளே இறங்கவேண்டும். முழங்கால் நோக்காடு உள்ளவர்களை வாசலுக்குக் கிட்ட இருத்துங்கள். நாகவிகாரைத் துறையில் இறங்கி, கடற்கரையால் நடந்து நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு வந்தால் மத்தியானப் பூசையும் அன்னதானமும் சரியாக இருக்கும். ஆனித் திருவிழா நாட்களில் உல்லாசப் பயணம் என்று போகாதீர்கள், சனத்துக்குள் நசிபடவேண்டியதுதான். கூட்டாளிமாருக்கு இங்கே சாப்பாட்டுக்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேணும்.

காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் படகே தேவையில்லை. பொன்னாலைப் பாலத்தால் வான் நேரே போகும். கடல் வெகுதூரம் இடுப்பளவுதான், பிள்ளைகளை விட்டுவிட்டுச் சவுக்கு நிழலில் இருக்கலாம், ஒரு கண் மட்டும் அவர்கள்மேல். ஞாயிறு பின்னேரம் பாட்டுப்பெட்டியும் போத்தலுமாகக் கூட்டம் சேரும். காலையில் போய்ப் பத்து மணிக்குள் குளித்து முடிப்பது நல்லது.

என் கணக்கு இது. கூட்டாளிமார் மட்டும் என்றால் சனி நெடுந்தீவில் தங்கி ஞாயிறு திரும்புங்கள். அம்மம்மாவும் பிள்ளைகளும் வந்தால் சனி நயினாதீவு, ஞாயிறு கசூரினா, குதிரை அடுத்தமுறை. நயினாதீவையும் கசூரினாவையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் ஊர்காவற்றுறை–காரைநகர் பாதையை, அதாவது கடலைக் கடத்திவிடும் மிதவையை, நம்பி வானைத் திருப்பாதீர்கள். அது அன்று ஓடுகிறதா என்று கேட்டபிறகு திருப்புங்கள். இல்லாவிட்டால் யாழ் நகரின் பண்ணைப் பாலம் வரை வந்துதான் சுற்றவேண்டும்.