‘வெந்நீர் ஷவர்’ என்று விற்கப்படும் கேம்பிங் பம்ப்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

குடும்பத்தோடு கூடாரமிட்டுத் தங்கப் போகிறவர்களுக்கென்று, சார்ஜ் செய்துகொள்ளும் சிறு பம்ப், ரப்பர் குழாய், ஷவர் தலை, இருபது லிட்டர் கொள்ளும் கறுப்புப் பை ஆகியவற்றை ஒரே பெட்டியில் அடைத்து, ‘வெந்நீர் கேம்பிங் ஷவர்’ என்ற பெயரில் இணையத்தில் விற்கிறார்கள். 3,499 ரூபாய் கொடுத்து வாங்கிய அந்தப் பெட்டியால் எங்கள் குடும்பம் பட்ட பாட்டை, அரையாண்டு விடுமுறைக்கு மலைப்பக்கம் கிளம்பும் மற்றவர்களும் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பம்ப் கெட்டுப்போனது, பை கிழிந்தது என்பவை பின்னால் நடந்தவை. எதுவும் கெடாமலே இருந்திருந்தாலும் விளம்பரத்தில் சொன்ன வேலையை அந்தப் பொருளால் செய்திருக்கவே முடியாது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

விற்பனைப் பக்கத்தில் இருந்த படத்தில், ஷவர் தலையின் பின்புறம் உள்ள சிறு திரை 42 டிகிரி என்று காட்டியது. மேலே ஆவி பறந்தது. ‘ஒரே சார்ஜில் நான்கு பேர் வெந்நீரில் குளிக்கலாம்’ என்ற வரி படத்துக்குக் கீழேயே பெரிய எழுத்தில் இருந்தது. மூட்டுவலியால் பச்சைத் தண்ணீரைத் தொடவே முடியாத என் மாமியாரும் உடன் வருவதாக இருந்ததால், அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தச் செட்டை வாங்கினோம். டிசம்பர் மாதத்தில் ஏலகிரியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், காலை ஏழு மணிக்குத் தொட்டித் தண்ணீரை வாளியில் பிடித்து, பம்பை உள்ளே இறக்கிப் பொத்தானை அழுத்தியபோது, ஷவரில் தண்ணீர் என்னவோ வந்தது. திரை 17 என்று காட்டியது. எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் அந்த எண் அசையவில்லை, ஏனென்றால் அது வெறும் வெப்பமானி. அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் உண்மை பேசியது அது ஒன்றுதான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பம்பின் அடியில் அச்சிட்டிருந்ததைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். பேட்டரி 2,200 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட், இரண்டையும் பெருக்கினால் அதில் அடங்கியிருக்கும் மின்சாரம் சுமார் 8 வாட்-மணி. ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1.16 வாட்-மணி தேவை. அதாவது, பம்பைச் சுழற்றாமல் முழுச் சார்ஜையும் சூடேற்றுவதற்கே செலவிட்டாலும், ஒரே ஒரு லிட்டர் தண்ணீர் ஏழு டிகிரி சூடாகும்; அதோடு பேட்டரி தீர்ந்துவிடும். ஒருவர் சிக்கனமாகக் குளிக்கும் பத்து லிட்டரை 17 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குக் கொண்டுவர 240 வாட்-மணிக்கு மேல் வேண்டும் என்பதால், இப்படிப்பட்ட பேட்டரிகள் முப்பதை ஒன்றாகச் சேர்த்தால்தான் விளம்பரம் சொன்ன நான்கு பேரில் ஒருவருக்காவது வெந்நீர் கிடைக்கும். 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்கில் இருப்பதும் 74 வாட்-மணிதான். ஆகவே கையடக்கப் பேட்டரியை வைத்துக்கொண்டு ‘வெந்நீர்’ என்று எந்த நிறுவனம் விளம்பரம் செய்தாலும், அதன் மற்ற வாக்குறுதிகளைப் படிக்கவே தேவையில்லை.

கறுப்புப் பையின் கதை வேறு. வெயிலில் வைத்தால் தண்ணீர் உண்மையிலேயே சூடாகும். ஆனால் விற்பனைப் பக்கத்தில் சொன்னதுபோல் பதினைந்து நிமிடத்தில் அல்ல. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 1,000 வாட் அளவில் விழுகிறது. பையின் பரப்பு அதில் கால்வாசி. இருபது லிட்டரை இருபது டிகிரி உயர்த்த, ஒரு துளி சூடும் வீணாகாமல் இருந்தாலே இரண்டு மணி நேரம் ஆகும். மலைக்காற்றில் அது நான்கு மணி நேரத்துக்கு நீளும், மூடுபனி இருந்தால் நடக்கவே நடக்காது. பிற்பகல் மூன்று மணிக்குக் கிடைக்கும் அந்தச் சூடு இரவு முழுவதும் பையில் தங்கப் போவதில்லை என்பதால், குடும்பமே குளிக்க நினைக்கும் காலை வேளைக்கு அது உதவாது.

இதைவிட மோசம், அதை மாட்டும் விதம். நிறைந்த பையின் எடை இருபது கிலோ. வண்டியின் கூரைக் கம்பியில் மாட்டிச் சிறிது நேரத்திலேயே, பிளாஸ்டிக் கைப்பிடி பையோடு ஒட்டப்பட்டிருந்த இடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டு, கைப்பிடி மட்டும் கம்பியில் தொங்க, பை கீழே விழுந்து பிளந்தது. அந்த நேரத்தில் பிள்ளைகள் இருவரும் கூடாரத்துக்குள் இருந்தார்கள். எந்த நிறுவனத்தின் பையாக இருந்தாலும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நிரப்பிய பையின் நேர்க்கீழே குழந்தைகளை நிறுத்தாதீர்கள். பம்பும் அடுத்த நாளே முனக ஆரம்பித்து நின்றுவிட்டது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள்; ஓடிக்கொண்டிருந்தபோது, ஷவர் தலையைப் பெரியவர்கள் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால், இரண்டு லிட்டர்கூட வரவில்லை.

விற்பனையாளருக்கு எழுதியதும் வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “மேடம், திரை வெப்பநிலையைக் காட்டும் என்றுதான் சொன்னோம், சூடாக்கும் என்று சொல்லவில்லையே. தண்ணீர் பட்ட பொருளைத் திரும்ப எடுப்பதில்லை.” குளிப்பதற்கான கருவியில் தண்ணீர் படாமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை, மாறாக, கூடுதலாக ஆயிரம் ரூபாய் கட்டினால் காரில் செருகும் மாடலை அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்த வாரத்திலேயே விற்பனைப் பக்கத்தின் தலைப்பு ‘வெந்நீர் ஷவர்’ என்பதிலிருந்து ‘வெந்நீரிலும் பயன்படுத்தலாம்’ என்று மாறியது. வாங்கிய அன்று என் கணவர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்ததால் பிழைத்தோம். விலை கூடிய எதை வாங்கினாலும் இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இந்த விதியை நாங்கள் எடுத்துக்காட்டிய பின் ஐந்நூறு ரூபாய் கூப்பன் தர முன்வந்தார்கள். மறுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்த பிறகுதான் முழு விலையும் வங்கிக் கணக்குக்கு வந்தது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை.

அப்படியானால் எதைத்தான் கொண்டுபோவது என்று கேட்பீர்கள். சூடாக்குவதையும் தெளிப்பதையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வதே சரி. அடுப்பில் ஓர் அண்டா தண்ணீரைக் கொதிக்கவைத்து, வாளியில் பச்சைத் தண்ணீரோடு விளாவிக்கொண்டால் வேலை முடிந்தது. மாமியாருக்குக் கடைசியில் அப்படித்தான் வெந்நீர் போட்டுக் கொடுத்தோம். சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ள மனமில்லாதவர்கள், தோட்டத்துக்குப் பயன்படுத்தும், கையால் காற்றழுத்தும் ஐந்து லிட்டர் தெளிப்பானைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். பூச்சிமருந்து பட்ட பழையதைத் தொடவே கூடாது. இந்த வகைத் தெளிப்பானில் பேட்டரியும் இல்லை, உயரத்தில் மாட்டும் தொல்லையும் இல்லை. விளாவிய தண்ணீரை, பிள்ளைகள் மேல் ஊற்றும் முன் முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.

கேஸ் சிலிண்டரில் ஓடும் சிறிய வாட்டர் ஹீட்டர்களையும் கேம்பிங்குக்கென்று விற்கிறார்கள். அவை உண்மையில் வெந்நீர் தரும். ஆனால் அவற்றைத் திறந்த வெளியில் மட்டுமே வைக்க வேண்டும். குளிரடிக்கிறதென்று குளிக்கும் கூடாரத்துக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வீட்டுக் குளியலறைகளிலேயே கேஸ் கீசரால் உயிர்கள் போயிருக்கின்றன என்பதால், இதில் சிக்கனமோ சமாதானமோ வேண்டாம்.

எங்களுக்கு வந்த பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விற்பனை விலை எதுவுமே இல்லை. பொட்டலமிட்ட பொருட்களில் இவை இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதி. தமிழ்நாட்டில் அதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. பெட்டியின் ஆறு பக்கங்களையும் படமெடுத்து அந்தத் துறையின் முத்திரை ஆய்வர் அலுவலகத்தில் தனியாக ஒரு புகார் கொடுத்திருக்கிறோம். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதே செட் இப்போது வேறொரு பெயரில், 2,999 ரூபாய்க்கு விற்பனையில் இருக்கிறது.